சார்லஸ் கெட்டரிங்

இன்று மோட்டார் வண்டியை ஓட்டுவோர் இருக்கையில் அமர்ந்தவாறே விசையை முடுக்குகின்றனர். எந்திரம் உடனே இயங்கத் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்செயல் இத்துணை எளிதாக இருந்ததில்லை. வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி, வலிமையெல்லாம் கூட்டிச் சுழற்றினாலன்றி எந்திரம் இயங்காது. சில வேளைகளில் எந்திரம் எதிர்த்து உதைக்கும். அப்பொழுது கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று, பிடித்திருப்பவரின் மணிக்கட்டை முறித்துவிடும். உடல் வலிமை குறைந்தோர் வண்டியோட்ட அஞ்சினர். இவ்விடரை நீக்கியவர் அமெரிக்கப் பொறியியல் அறிஞர் சார்லஸ் கெட்டரிங் ஆவார்.

கெட்டரிங் ஒகையோ மாநிலத்தில் லௌடன்வில் என்னும் ஊரையடுத்த பண்ணை ஒன்றில், 1876ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் பிறந்தார். இளமை முதலே கண்பார்வைக் குறை அவரை வருத்தியது. சிற்றூர்ப் பள்ளியில் சிலகாலம் ஆசிரியராகப் பணியாற்றிய பின், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். கண்வலி மிகவே, படிப்பு இடையில் தடைப்பட்டது. அவர் சோர்ந்து வீட்டில் இருந்துவிடவில்லை. தொலைபேசிக் கம்பி அமைக்கும் குழுவிற் சேர்ந்து உழைத்தார். பின்னர்ப் பல்கலைக்கழகத்திற்கு மீண்டு, 1904இல் மின்பொறியியற் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் டேட்டன் நகரில், கடைகளுக்குரிய பணப்பதிவு எந்திரங்களைச் செய்யும் தொழிலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அவ்வெந்திரங்களையும் அக்காலத்தில் கைப்பிடியால் சுழற்றியே இயக்கினர். கெட்டரிங் அதில் ஒரு சிறு மின்மோட்டாரைப் பொருத்தினார். பணப்பெட்டியைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் மட்டுமே மோட்டாருக்கு வேலை உண்டு; பின்னர் அது ஓய்ந்திருக்கும். எனவே சிறிய மோட்டாரையும் அந்நொடியளவுக்கு அதன் இயல்பான ஆற்றலினும் மிகுதியாக இயக்கலாம், அது கெட்டுவிடாது. இவ்வுண்மையே பின்னாளில் அவருக்குப் பெரும்புகழை ஈட்டித் தந்தது.

1909இல் கெட்டரிங்கும் அவர் நண்பர் எட்வர்டு டீட்சும் டெல்கோ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். டீட்சின் வீட்டுக் கொட்டகையே அவர்களுடைய முதல் ஆய்வுக்கூடம். காடிலாக் வண்டித் தொழிலகத்தின் தலைவராகிய ஹென்றி லீலண்டு, கைப்பிடியின்றி எந்திரத்தை இயக்கும் கருவி வேண்டுமென விரும்பினார். அதற்கு வேண்டிய மோட்டார், வண்டியின் எந்திரத்தைப் போன்றே பெரிதாக இருத்தல் வேண்டும் என்று வல்லுநர் பலர் கருதினர். கெட்டரிங் பணப்பதிவு எந்திரத்தை நினைவிற்கொண்டார். சில நொடிகளே உழைக்க வேண்டிய மோட்டார் சிறியதாயினும் போதும் எனத் துணிந்தார். 1911இல் கருவி வெற்றியுடன் இயங்கியது. 1912ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டிகளில் அது இடம்பெற்றது.

அம்மோட்டாருக்கு மின்சாரம் அளித்தது காரீயச் சேமக்கலம். 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே கண்டது இது. காரீயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் கொண்ட இக்கலம், இழந்த மின்சாரத்தை மீண்டும் ஏற்கவல்லது. எந்திரம் ஓடத்தொடங்கியதும், அதே மோட்டார் மின்னாக்கியாக மாறிச் சேமக்கலத்தை நிரப்புமாறு கெட்டரிங் அமைத்தார். பிற்கால வண்டிகளில் மோட்டாரும் மின்னாக்கியும் தனித்தனியே அமைந்தன. ஆயினும் முறை மாறவில்லை.

ஆதலால் வண்டி இயங்க மறுக்கும்போது, குறை எங்குள்ளது என முதலில் ஆராய்தல் வேண்டும். முகப்பு விளக்கை ஏற்றியபின் விசையை முடுக்குக. ஒளி மிக மங்கினால், சேமக்கலம் ஆற்றல் இழந்திருக்கும்; அன்றி அதன் முனைகளில் வெண்பூச்சுப் படிந்து இணைப்புக் கெட்டிருக்கும். ஒளி குன்றாதிருப்பின் மோட்டாரையும் அதன் கம்பிகளையும் நோக்குதல் தகும். 12 வோல்ட்டுச் சேமக்கலம் நிறைந்து ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டுக் காட்டும். எந்திரம் ஓடும்போது அளவு 14 வோல்ட்டை ஒட்டி உயர்தல் வேண்டும். உயரவில்லையெனில் மின்னாக்கியைச் சீர்செய்யாமல் புதுக்கலம் வாங்குவது வீண்செலவாகும். அளவு உயர்ந்தும், கலம் விரைவில் மீண்டும் சோர்ந்தால், அதன் தகடுகள் முதுமையுற்றன என உணரலாம்.

கலத்தை மாற்றும்போது எந்திரத்தை நிறுத்தி, நெருப்பை விலக்கி, எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றுதல் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் உடற்பகுதி அம்முனையுடன் இணைந்துள்ளது. அதனைக் கழற்றாது நேர்முனையைத் தொடின், திருகி வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி எழும். புதுக்கலத்தைப் பொருத்துகையில் நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் இணைத்தல் முறை.

கெட்டரிங் 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். அவர்தம் குழுவினர் 1921இல், எந்திரத்தின் தட்டொலியை நீக்கப் பெட்ரோலில் ஒரு காரீயச் சேர்மத்தைக் கலக்கும் முறையைக் கண்டனர். 1924இல் அச்சேர்மத்தைச் செய்த தொழிலாளர் சிலர் நஞ்சேறி மாண்டனர். எனினும் கெட்டரிங் அதனைக் கைவிடவில்லை. புகையுடன் காற்றிற் பரவிய காரீயம் சிறுவர்தம் அறிவு வளர்ச்சியையும் பாதித்தது. உலகெங்கும் வண்டிகளுக்கு அத்தகைய பெட்ரோல் விற்பது 2021இல் தான் முற்றிலும் நின்றது.

1945இல் நியூயார்க்கு நகரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவர் பெயரையும் தாங்கித் தோன்றியது. 1958இல் அவர் காலமானார். கைப்பிடியின் இன்னலிலிருந்து மக்களைக் காத்த அறிவும், நஞ்சின் தீங்கை எண்ணிப் பாராத குறையும் அவர் வாழ்வில் ஒருங்கே காணப்படுகின்றன. பெட்டிக்குள் அடைபட்ட காரீயம் பயன் தருகிறது. காற்றிற் கலந்த காரீயம் உயிரை வாட்டுகிறது. எனவே பழைய சேமக்கலத்தைக் குப்பையில் எறியாது, மீண்டும் உருக்கிப் பயன்படுத்துவதற்காக விற்பனையாளரிடம் ஒப்படைத்தல் அனைவர்க்கும் கடமையாகும்.