யாப்பை விட்டு வந்த தாடிக்காரர்

காலேஜ் மலர் என்றால் அதில் எது அதிகம் இருக்கும்? சந்தேகமே வேண்டாம், கவிதைதான்! சீர், தளை எதுவும் தெரியாது. இருந்தாலும் மனசில் தோன்றியதை வரி வரியாக மடக்கி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இந்தச் சுதந்திரம் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. அதற்கு வழி போட்டவர்களில் முதல்வர் ந. பிச்சமூர்த்தி.

1900-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ல் கும்பகோணத்தில் பிறந்தார். இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். படிப்பு சட்டம், தொழில் வக்கீல், ஆசை எழுத்து! சிறுகதைகளில் பெயர் வாங்கியவர், 1934-ல் மணிக்கொடி பத்திரிகையில் காதல் என்ற கவிதையை யாப்பு இல்லாமல் எழுதினார். பாரதியின் வசன கவிதையும், அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் புல்லின் இதழ்களும் கொடுத்த துணிச்சல் அது.

அந்த விட்மன் அச்சுக்கோக்கும் தொழில் தெரிந்தவர். அவர் பாதிப்பு ஹங்கேரிக்கும் போனது. அங்கே யாப்பை உதறிப் புதுமை செய்த லாயோஷ் கஷாக், பூட்டுப் பட்டறையில் வேலை பழகியவர். நம்ம ஃபிட்டர் ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பட்டறையில் அரம் பிடித்த கைக்கும் கவிதை வரும், நண்பர்களே.

பிச்சமூர்த்தி சினிமாவையும் விடவில்லை. பூந்தமல்லி தாண்டினால் வருமே ஸ்ரீபெரும்புதூர், அங்கே அவதரித்த ராமானுஜரைப் பற்றி 1938-ல் வந்த படத்தில் ஆளவந்தாராக நடித்தார். பிறகு கோயில் நிர்வாக அதிகாரி உத்தியோகம். நாற்பதுகளின் பிற்பகுதியில் கவிதை நின்றே போனது. யாப்பு இல்லாததெல்லாம் கவிதையா என்று பண்டிதர்கள் கேலி செய்த காலம். இந்த முயற்சி அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

முடியவில்லை! 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா சென்னையில் எழுத்து என்ற சிறு பத்திரிகையை ஆரம்பித்தார். முதல் இதழிலேயே பிச்சமூர்த்தியின் பெட்டிக்கடை நாரணன் கவிதையை எடுத்து மறுபடி போட்டார். அதைப் பார்த்து இளைஞர்கள் எழுத வந்தார்கள். சுந்தர ராமசாமியும் பசுவய்யா என்ற பெயரில் கவிதை அனுப்பினார். அறுபதை நெருங்கிய பிச்சமூர்த்தியும் திரும்பப் பேனாவை எடுத்தார்.

1962-ல் அவருடைய காட்டு வாத்து தொகுப்பு வெளிவந்தது. அதே வருஷம் 24 கவிஞர்களைச் சேர்த்து, புதுக்குரல்கள் தொகுப்பையும் செல்லப்பா கொண்டுவந்தார். விற்கவும் அவரேதான்! கைப்பணம் போட்டு, புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு காலேஜ் காலேஜாக ஏறி இறங்கினார். 1971-ல் கோவையிலிருந்து வானம்பாடி வந்தபோது, புதுக்கவிதை ஊரெல்லாம் பரவியது. 1976 டிசம்பர் 4-ல் பிச்சமூர்த்தி மறைந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் கவிதையை வாய்விட்டுப் படித்தால், பழைய யாப்பின் ஓசை அடியில் ஓடுவது காதில் விழும். இலக்கணம் தெரியாமல் அவர் விடவில்லை; எது வேண்டாம் என்று தெரிந்து விட்டார். ஒர்க்‌ஷாப்பில் அளவு பார்த்துத்தானே அராவுகிறோம்? அதுபோலத்தான் இதுவும். வரியை மடக்கினால் மட்டும் கவிதை ஆகிவிடாது.

அடுத்த மலருக்குக் கவிதை தருகிறவர்கள், அதற்குள் காட்டு வாத்தை ஒரு தடவை தேடிப் படித்துவிடுங்கள். நமக்கு வழி போட்டவருக்கு நாம் செய்கிற மரியாதை அதுதான்!