வேலிக்கு வெளியே ஒரு விஞ்ஞானி

சில வங்கி அட்டைகளில் வெள்ளி நிறத்தில் ஒரு சிறு வில்லை பளபளப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அட்டையைச் சாய்த்தால் அதிலுள்ள படம் மாறுவது போலத் தோன்றும். அதன் பெயர் ஹோலோகிராம். இதற்கு வழி கண்டவர் டென்னிஸ் காபர்.

இவர் 1900-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே தம்பியுடன் சேர்ந்து வீட்டில் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஜெர்மனியில் பொறியியல் படித்து, அங்கேயே வேலை பார்த்தார்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத வம்சத்தில் பிறந்த காபர் அந்நாட்டை விட்டு வெளியேறினார். 1934-இல் இங்கிலாந்து சென்று, ரக்பி நகரில் ஒரு மின் நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. அயல்நாட்டவர் என்பதால் இரகசிய ஆராய்ச்சிகளில் அவருக்கு இடமில்லை. பாதுகாப்பு வேலிக்கு வெளியே ஒரு கொட்டகையில்தான் வேலை செய்தார். ஆனால், சிந்தனைக்கு வேலி ஏது?

1947-இல், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படத்தைத் தெளிவாக்க ஒரு வழியை யோசித்தார். சாதாரணப் புகைப்படம் ஒளியின் பிரகாசத்தை மட்டுமே பதியும். குளத்தில் இரண்டு கற்களைப் போட்டால் அலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கோலமிடும் அல்லவா? அதுபோல, பொருளின் மேல் பட்டு வரும் ஒளியலையையும் நேராக வரும் ஒளியலையையும் சந்திக்க வைத்து, அந்தக் கோலத்தை ஒளிப்படத் தகட்டில் பதிந்தார். அதன் மேல் மீண்டும் ஒளி பாய்ச்சினால் பொருளின் உருவம் தோன்றும்!

பாதரச விளக்கின் ஒளி போதாமல் படம் மங்கியது. பலரும் இதைக் கைவிட்டார்கள். காபரும் வேறு ஆராய்ச்சிகளில் இறங்கினார். 1960-இல் லேசர் வந்தது. அதன் சீரான ஒளியில் முப்பரிமாணப் படங்கள் பளிச்சென்று தெரிந்தன. 1971-இல் காபருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1979-இல் லண்டனில் காலமானார்.

எதிரே பொருளே இல்லாமல், கணிப்பொறியே கணக்கிட்டு ஹோலோகிராம் வரையும் முறையும் 1960-களில் பிறந்தது. அதில் ஒரு சிக்கல். பொருளில் 10,000 புள்ளிகள், படத்தில் 10 லட்சம் புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பொருளின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் வரும் ஒளியைக் கூட்ட வேண்டும். மொத்தம் 1,000 கோடி கணக்குகள்! படம் அசைய வேண்டுமானால், நொடிக்குப் பல முறை இதைச் செய்ய வேண்டும்.

தீர்வு உங்கள் வகுப்பறையிலேயே இருக்கிறது. 1,000 பெருக்கல் கணக்குகளை ஒருவரே போட்டால் பொழுது சாய்ந்துவிடும். 40 பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 25தான். ஒருவர் விடைக்காக மற்றவர் காத்திருக்கவும் வேண்டாம். ஹோலோகிராமின் புள்ளிகளும் அப்படியே. ஆகவே வீடியோ கேம் படங்களுக்கான சில்லுகளில் உள்ள ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள் அவற்றைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் முடிக்கின்றன. இதுவே இணைக் கணிப்பு.

காபரின் யோசனை முதலில் லேசருக்காகக் காத்திருந்தது. பின்பு வேகமான கணிப்பொறிக்காகக் காத்திருந்தது. உங்கள் யோசனை இன்று பலிக்கவில்லையா? கிழித்துப் போடாதீர்கள். தேதியிட்டு நோட்டில் எழுதி வையுங்கள், செல்வங்களே!