எச். ஏ. கிருஷ்ணபிள்ளை

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827 - 1900) இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றிய தமிழ்ப் புலவர் ஆவார். கிறித்தவக் கம்பர் என்றும் அழைக்கப்படுகிறார்.

வாழ்க்கை

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி பெற்றார். சாயர்புரத்துக் கிறித்தவக் கல்வி நிலையத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோதும் வைணவராகவே இருந்தார். 1858 இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார். சமயம் மாறினாலும் கம்பனை அவர் விடவில்லை.

இரட்சணிய யாத்திரிகம்

1894 இல் வெளிவந்த இந்நூல், ஜான் பனியன் 1678 இல் ஆங்கில உரைநடையில் எழுதிய உருவகக் கதையின் தழுவல் ஆகும். அழியவிருக்கும் நகரை விட்டு விண்ணுலக நகரை நோக்கிச் செல்லும் பயணி ஒருவனின் கதை இது. அவன் முதுகிலுள்ள பாவச்சுமையை அவனது நற்செயல்கள் இறக்குவதில்லை. சிலுவையின் முன் அது தானே கழன்று விழுகிறது. மீட்பு விசுவாசத்தினால் கிடைப்பது, ஈட்டப்படுவதன்று என்னும் சீர்திருத்தக் கிறித்தவக் கொள்கையே இக்காட்சியின் பொருள். இறைவனிடம் அடைக்கலம் புகுதல் வைணவத்தில் வளர்ந்தவருக்குப் புதிய கருத்தன்று என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

நூலை வெறும் மொழிபெயர்ப்பாகக் கருதுதல் பொருந்தாது. பனியன் சுருக்கமாகச் சுட்டிச் செல்லும் கிறித்துவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை கம்பனின் நடையில் விரித்துப் பாடியுள்ளார். 3,700க்கும் மேற்பட்ட செய்யுட்கள் இதில் உள்ளன.