ராக் அண்ட் ரோலுக்கு வழிபோட்ட தேவாலயப் பாடகி: யார் இந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப்?

ராக் அண்ட் ரோல் என்றாலே எல்விஸ் பிரெஸ்லி, சக் பெரி என்று பெயர்கள் வரிசையாக வரும். இவங்க எல்லாம் மேடை ஏறுவதற்கு முன்னாடியே எலெக்ட்ரிக் கிட்டாரை அலறவிட்டுப் பாடியவர் ஒரு கறுப்பினப் பெண். அவர் பாடியதும் காதல் பாட்டு அல்ல, பெரும்பாலும் கர்த்தரைப் பற்றிய பாட்டு. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்பது அவர் பெயர்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாகாணத்தில், காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் 1915-ல் பிறந்தார். பெயருக்கு ஏற்றபடி பருத்தி விளையும் ஊர். அம்மா கேட்டி பெல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர், மாண்டலினும் வாசிப்பார். கைதட்டலும் ஆட்டமும் வாத்தியமும் ஆராதனையின் ஒரு பகுதி என்று நினைக்கும் சபை அவர்களுடையது. அமைதியாகப் பாடும் சபையில் வளர்ந்திருந்தால் ரோசெட்டாவின் இசை இப்படி வந்திருக்காது. ஆறு வயதிலேயே அம்மாவோடு கிட்டாரும் கையுமாகக் கூட்டங்களில் பாடத் தொடங்கினார். பிறகு இருவரும் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

19 வயதில் தாமஸ் தார்ப் என்ற பிரசங்கியாரோடு கல்யாணம். அது நிலைக்கவில்லை, ஆனா அந்தக் குடும்பப் பெயர் மட்டும் கடைசிவரை கூடவே வந்தது.

சிக்கல் 1938-ல் ஆரம்பித்தது. நியூயார்க் போனவர் டெக்கா நிறுவனத்துக்காகப் பாடல்களைப் பதிவு செய்தார், காட்டன் கிளப்பிலும் பாடினார். சாராயமும் நடனமும் ஓடுகிற இடத்தில் பக்திப் பாட்டா? சபை மக்கள் கொதித்துப்போனார்கள். கிளப்புக்கு வந்தவர்களோ ரசித்தார்கள், இசைத்தட்டுகளும் விற்றன. அந்த டிசம்பரிலேயே புகழ்பெற்ற கார்னகி ஹால் மேடையும் கிடைத்தது. அன்று தொடங்கி அவர் நிலைமை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான்.

புகழ் வந்தாலும் நிறவெறி விடவில்லை. தென் மாகாணங்களில் அவர் பாடுவதைக் கேட்கக் கூட்டம் சேரும். அதே ஊரின் ஓட்டலில் அவர் உட்கார்ந்து சாப்பிட முடியாது, அறையும் கிடைக்காது. பல இரவுகள் பேருந்திலேயே தூங்கினார். கூடப் பாடிய ஜோர்டனேர்ஸ் குழுவினர் வெள்ளையர்கள் என்பதால், அவர்கள் உள்ளே போய் அவருக்குச் சாப்பாடு வாங்கி வருவார்கள். பின்னாளில் எல்விஸுக்குப் பின்பாட்டு பாடிய அதே ஜோர்டனேர்ஸ்தான்.

1944-ல் அவர் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' அடுத்த ஆண்டு கறுப்பின இசைக்கான பில்போர்டு பட்டியலில் 2-ம் இடம் வரை ஏறியது. இதைத்தான் முதல் ராக் அண்ட் ரோல் பதிவு என்று சிலர் சொல்கிறார்கள். அதில் விவாதம் உண்டு. ஆனா குரலை நிறுத்திவிட்டு கிட்டாரைப் பேசவிடும் அவர் பாணி பிறகு வந்த ராக் இசைக்காரர்கள் பலரிடம் தெரியும் என்பதில் விவாதமே இல்லை. 1947-ல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் 14 வயதுப் பையன் ஒருவன் பாடுவதைக் கேட்டு மேடையில் ஏற்றிவிட்டு, கையில் காசும் கொடுத்தார். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்ட்.

அடுத்து வந்தது இன்றைய நட்சத்திரத் திருமணங்களையே தூக்கிச் சாப்பிடும் சமாச்சாரம். விளையாட்டு மைதானத்தில் டிக்கெட் போட்டுக் கல்யாணம் செய்யலாம் என்று ஏற்பாட்டாளர்கள் யோசனை சொல்ல, ரோசெட்டா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அப்போது மாப்பிள்ளையே முடிவாகவில்லை! பிறகு ரஸ்ஸல் மோரிசன் என்பவர் கிடைத்தார். 1951 ஜூலை 3 அன்று வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியத்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் காசு கொடுத்து வந்து பார்த்தார்கள். மணப்பெண் கல்யாண உடையிலேயே கிட்டார் வாசித்தார், வாணவேடிக்கையும் நடந்தது. டெக்கா அதை இசைத்தட்டாகவும் போட்டது.

அதுதான் உச்சம். 1953-ல் பாடகி மேரி நைட்டோடு சேர்ந்து பக்தி கலக்காத புளூஸ் பாடல்களைப் பாடினார். சபை இன்னும் விலகிப்போனது, புளூஸ் ரசிகர்களும் வாங்கவில்லை. எல்விஸ் அலை அடித்த காலத்தில் அமெரிக்காவில் அவரைக் கேட்க ஆள் குறைந்துவிட்டது.

தாங்கிப் பிடித்தது ஐரோப்பா. 1964 மே மாதம் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில் டிவி நிகழ்ச்சி. ஒரு நடைமேடையில் ரசிகர்கள், எதிர் நடைமேடையில் பாடகர்கள், நடுவே தண்டவாளம். மழை கொட்டியது. குதிரை வண்டியில் வந்து இறங்கிய ரோசெட்டா, கோட்டும் ஹை ஹீல்ஸும் போட்டபடி வெள்ளை கிட்டாரை மாட்டிக்கொண்டார். பாடவிருந்த பாட்டை மாற்றி, மழையைப் பற்றிய பக்திப் பாட்டை எடுத்துவிட்டார். அவருக்கு 49 வயது. இன்று இணையத்தில் பலரும் அவரை முதலில் பார்ப்பது இந்த வீடியோவில்தான்.

1970-ல் பக்கவாதம் தாக்கியது. சர்க்கரை நோயால் ஒரு காலையும் எடுக்க வேண்டியதாயிற்று. அப்படியும் பாடுவதை விடவில்லை. 1973 அக்டோபர் 9 அன்று, பாடல் பதிவுக்கு நாள் குறித்திருந்த நிலையில் பிலடெல்பியாவில் இறந்தார். ஸ்டேடியம் நிறைய ஆள் சேர்த்தவரின் கல்லறையில் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. 2008-ல் ரசிகர்கள் கச்சேரி நடத்திப் பணம் திரட்டிய பிறகுதான் கல் வந்தது.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986-ல் தன் முதல் பட்டியலிலேயே எல்விஸையும் சக் பெரியையும் லிட்டில் ரிச்சர்டையும் சேர்த்துக்கொண்டது. ரோசெட்டாவின் முறை வந்தது 2018-ல். அதுவும் கலைஞர்கள் பிரிவில் இல்லை, 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற தனிப் பிரிவில்.