விண்மீன்களின் வெப்பம் அளந்த மேகநாத் சாஹா

புதுதில்லி: 1956-ம் ஆண்டு பிப்ரவரி 16-ம் தேதி, தலைநகரில் திட்டக் குழு அலுவலகத்துக்குச் சென்றுகொண்டிருந்த மக்களவை உறுப்பினர் ஒருவர் வழியிலேயே மயங்கி விழுந்தார். மாரடைப்பால் உயிர் பிரிந்தபோது அவருக்கு வயது 62. கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் இடதுசாரிகளின் ஆதரவுடன் சுயேச்சையாகப் போட்டியிட்டு, 1952-ல் காங்கிரஸை வென்றவர் அவர். அணுக்களின் இயல்பைக் கொண்டு விண்மீன்களின் வெப்பத்தை அளக்க உலகுக்கு வழிகாட்டிய மேகநாத் சாஹாவும் அவரே.

இன்றைய வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகேயுள்ள சியோரத்தளி கிராமத்தில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாக 1893 அக்டோபர் 6-ம் தேதி பிறந்தார். மேற்கொண்டு படிக்க வைக்கக் குடும்பத்துக்கு வசதியில்லை. மருத்துவர் ஒருவர் தம் இல்லத்தில் உணவும் உறைவிடமும் அளித்ததால் படிப்பு தொடர்ந்தது. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905-ல் எழுந்த கொந்தளிப்பின்போது, ஆளுநரின் வருகைக்கு எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்களுடன் சேர்ந்ததற்காக உதவித்தொகையை இழந்தார், பள்ளியிலிருந்தும் நீக்கப்பட்டார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது வேறொரு தடை காத்திருந்தது. பிற்படுத்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் என்பதால், தங்களுடன் ஒரே உணவுக் கூடத்தில் அவர் அமரக் கூடாதென விடுதி மாணவர்கள் சிலர் மறுத்தனர். அந்த அவமதிப்பை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அறிவியல் உலகில் அவர் பெயரை நிலைநாட்டியது 1920-ல் லண்டன் ஆய்விதழில் வெளியான கட்டுரை. சூரிய ஒளியின் நிறமாலையில் சோடியத்துக்குரிய கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த ரூபிடியம், சீசியம் ஆகியவற்றின் கோடுகளைக் காணவில்லை. அவை சூரியனில் இல்லையா என்பதே அன்றைய புதிர்.

விடை தனிம அட்டவணையில் இருந்தது. அட்டவணையின் ஒரு தொகுதியில் மேலிருந்து கீழே செல்லச் செல்ல அணு பெரிதாகிறது. வெளிப்புற எலக்ட்ரான் மீது அணுக்கருவின் பிடி தளர்கிறது. இடமிருந்து வலமாகச் செல்லும்போது அப்பிடி பொதுவாக இறுகுகிறது. சீசியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க 3.9 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். சோடியத்துக்கு 5.1 வேண்டும், ஹீலியத்துக்கோ 24.6.

இந்த ஆற்றலையும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தார் சாஹா. சூரியனின் வெப்பத்தில் ரூபிடியம், சீசியம் அணுக்கள் ஏறத்தாழ அனைத்தும் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகிவிடுகின்றன. அதனால் அவற்றின் வழக்கமான கோடுகள் மறைகின்றன. கோடு இல்லாததால் தனிமமே இல்லை என்றாகிவிடாது. வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் அவை புலப்படக்கூடும் என்று அவர் கணித்தார். அமெரிக்க வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல் அங்கு ரூபிடியத்தைக் கண்டறிந்து அக்கணிப்பை மெய்ப்பித்தார். விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுந்துள்ளது என்று செசிலியா பெயின் 1925-ல் கண்டதற்கும் சாஹாவின் சமன்பாடே அடிப்படையாயிற்று. 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது கிட்டவில்லை.

ஆய்வுக்கூடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. நாட்டின் வறுமையைப் போக்கத் தொழில்மயமே வழி என உறுதியாக நம்பினார். 1938-ல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் தேசியத் திட்டக் குழுவை அமைத்ததில் சாஹாவின் வற்புறுத்தலுக்கும் பங்குண்டு. நேரு தலைமை வகித்த அக்குழுவில் அவரும் பணியாற்றினார். 1943-ல் தாமோதர் நதி பெருவெள்ளத்துக்குப் பின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவிலும் இடம்பெற்றார். அணைகள் மூலம் வெள்ளத்தைத் தடுத்து மின்சாரமும் பெறும் திட்டத்துக்காக வாதாடினார்.

விடுதலைக்குப் பின் அதே நேருவின் அரசுடன் அவருக்குக் கருத்து வேறுபாடு முற்றியது. அணுசக்தி ஆராய்ச்சி ஒரு சிலர் கையில் ரகசியமாகக் குவிவதை அவர் ஏற்கவில்லை. பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்களை உருவாக்குவதே முதற்பணி என்றார். கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிலையத்தை 1950-ல் தொடங்கி வைக்கச் செய்தார். 1954 மே மாதம் அணுசக்தியின் ஆக்கப் பயன்பாடு பற்றி மக்களவையில் விவாதம் நடக்க வழிசெய்தவரும் அவரே. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி மக்கள் மன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. கொள்கை வகுக்கும் இடத்தில் அவரது குரல் பெரும்பாலும் எடுபடவில்லை. எனினும், அவர் எழுப்பிய கேள்வி அவரோடு மறையவில்லை.

அரசுக்காக அவர் செய்த மற்றொரு பணி, நாட்டில் வழங்கிய பல்வேறு பஞ்சாங்கங்களை ஆராய்ந்து பொது நாள்காட்டியை வகுத்த குழுவின் தலைமை. அக்குழு பரிந்துரைத்த தேசிய நாள்காட்டி, அவர் மறைந்து ஓராண்டுக்குப் பின், 1957 மார்ச் 22-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசிதழின் முகப்பில் ஆங்கிலத் தேதியோடு அச்சாகும் சக ஆண்டுத் தேதி, அந்தக் குழு விட்டுச்சென்றதுதான்.