காற்பந்து ஆசிரியர் ரகீம்

விளையாட்டுத் துறையில் புகழ் பெற்றோர் பலர். தம்மோடு பிறரையும் புகழுக்கு உரியவராக ஆக்கியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் சையத் அப்துல் ரகீம். இந்தியக் காற்பந்துக் குழுவின் பயிற்றுநராக விளங்கிய இப்பெரியார், தொழிலால் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

ரகீம் 1909ஆம் ஆண்டில் ஐதராபாத் நகரில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். இளமையில் உள்ளூர்க் குழுக்களில் பந்தாடினார். பின்னர் உடற்கல்வியும் கற்றுத் தேர்ந்தார். 1943இல் ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல் குழு, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயில் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

அவருடைய பயிற்சி முறை புதுமையானது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனித்து ஓடுவதை அவர் விரும்பவில்லை. வந்த பந்தை உடனே தோழனுக்கு அனுப்பப் பழக்கினார். வலக்கால் ஆட்டக்காரன் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று போட்டிகளும் நடத்தினார். வறுமையில் வாடிய இளைஞர் துளசிதாஸ் பலராமின் திறமையைக் கண்டு, அவர் பயிற்சிக்கு வந்து போக வாடகை மிதிவண்டிக்கு உதவினார். அவ்விளைஞரே பின்னாளில் இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவரானார்.

1951இல் புதுடில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரகீமின் குழு ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. ஆயினும் அடுத்த ஆண்டே எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. அக்காலத்தில் இந்தியர் பலர் வெறுங்காலுடனே ஆடினர். அத்தோல்விக்குப் பின் காலணி அணிதல் கட்டாயமாயிற்று. ரகீம் மனந்தளரவில்லை. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அவருடைய குழு ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, நான்காம் இடத்தை அடைந்தது.

அவருடைய வாழ்வின் சிகரம் 1962ஆம் ஆண்டு ஜக்கார்த்தாவில் அமைந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா இந்தியாவை 2-0 என வீழ்த்தியது. பின்னர்த் தாய்லாந்துடன் ஆடுகையில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போட நேர்ந்தது. அரசியல் காரணங்களால் உள்ளூர் மக்களும் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். இத்தனை இடர்களுக்கிடையே ரகீம் ஒரு துணிவான முடிவு செய்தார். காயம்பட்ட ஜர்னைல் சிங்கைத் தாக்குதல் வரிசைக்கு மாற்றினார். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கூடி எதிர்க்குரல் எழுப்பினர். பி.கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். அதே ஜர்னைல் சிங் மற்றொன்றை அடித்தார். கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் உறுதியுடன் நின்றார். முதலில் தோற்ற அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றது. அப்போட்டியில் நம் மலாயாக் குழு வெண்கலப் பதக்கம் பெற்றதும் நாம் நினைந்து மகிழத் தக்கது.

அந்த வெற்றிக்குப் பின் ஒன்பது திங்களே அவர் வாழ்ந்தார். 1963 சூன் 11இல் நுரையீரல் புற்றுநோய் அவர் உயிரைக் கவர்ந்தது. அதன்பின் இந்தியா ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் தங்கம் பெற்றதே இல்லை. ஓர் ஆசிரியரின் உழைப்பு எத்துணை மதிப்புடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மாணவச் செல்வங்களே! ரகீமின் ஆட்டக்காரருள் பலர் ஏழ்மையில் பிறந்தவரே. நம் மலாக்காத் தோட்டத் திடல்களில் பந்தை உதைக்கும் பிள்ளைகளும் அவர்களுக்குச் சளைத்தவர் அல்லர். பெற்றோரே! மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புங்கள். தோற்றபின் மீண்டும் எழுந்து ஆடும் மனவுறுதியை அங்கே அவர்கள் கற்பார்கள். அம்மனவுறுதி பாடத்திலும் வாழ்விலும் அவர்களுக்குத் துணை நிற்கும்.