ஒற்றைக்கண் விமானி வைலி போஸ்ட்

வீரர் என்றவுடன் போர்க்களத்திற் பகைவரை வென்றாரையே நாம் நினைக்கின்றோம். உறக்கம் என்னும் பகையோடு பொருதாரை நினைப்பார் மிகச் சிலர். வாளுக்கும் வேலுக்கும் அஞ்சாத நெஞ்சினரும் நித்திரையின் முன் தலைசாய்த்தே தீரவேண்டும். வேந்தன் என்றும் ஏவலன் என்றும் அது வேறுபாடு பாராட்டுவதில்லை. இப்பகையின் வலிமையை நன்கறிந்து, அதனை எதிர்க்கும் வழிகளை முன்னரே ஆராய்ந்து, உலகத்தை இருமுறை வானவழியே சுற்றிவந்தார் ஒருவர். அவரே அமெரிக்க விமானியாகிய வைலி போஸ்ட் என்பார். அன்னாரது சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

போஸ்ட் 1898-ம் ஆண்டு நவம்பர் மாதம் 22-ந் தேதி, டெக்ஸாஸ் மாகாணத்தில் கிராண்ட் சலைன் என்னும் ஊருக்கருகே, உழவர் குடியொன்றிற் பிறந்தார். பின்னர் அக்குடும்பம் ஒக்லஹோமா மாகாணஞ் சென்று குடியேறிற்று. இளமையில் அவருக்கு ஏட்டுப் படிப்பினும் இயந்திரங்களிலேயே பற்று மிகுந்திருந்தது. 1913-ம் ஆண்டில் லாட்டன் நகரத்துக் கண்காட்சியொன்றில் ஆகாய விமானத்தை முதன்முதற் கண்ட அவர், அன்றுமுதல் வேறொன்றையும் விரும்பாதவராயினார்.

வாலிபப் பருவத்தில் அவர் ஒருமுறை தீயவழியிலும் சென்றார். 1921-ல் வழிப்பறிக் குற்றத்திற்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்றுச் சீர்திருத்தச் சிறையிற் புகுந்தார். ஓராண்டுக்குச் சிறிது மேற்பட்ட காலம் கழிந்தபின் நிபந்தனையின்மேல் விடுதலை பெற்றார். பெரியோர் சரிதம் எழுதுவார் இத்தகைய செய்திகளை மறைத்தல் வழக்கம். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. வீழ்ந்தவன் எழுதலும் உண்டு என்பதை இளைஞர் அறிதல் நன்று.

1924-ல் அவர் விமான வித்தைக் குழுவொன்றிற் சேர்ந்து, பாரச்சூட் துணையுடன் வானத்தினின்று குதித்துக் காட்டிப் பொருள் ஈட்டினார். 1926-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தபோது, இரும்புச் சிதறலொன்று பாய்ந்து அவரது இடக்கண்ணைக் கெடுத்தது. பிறரெல்லாம் அவருடைய விமான ஆசை அக்கண்ணோடு போயிற்று என்றே எண்ணியிருப்பர். அவரோ, இழந்த கண்ணுக்கு ஈடாகக் கிடைத்த பணத்தைக்கொண்டே தமது முதல் விமானத்தை வாங்கினார்! ஒற்றைக்கண்ணால் தூரத்தை மதிப்பிடுதல் அரிது. ஆதலின் தொலைவிலுள்ள பொருள்களை நோக்கித் தூரத்தைக் குறித்துக்கொண்டு, பின்னர் நடந்து அளந்து சரிபார்த்துப் பலநாள் பழகினார்.

பின்பு எண்ணெய் வியாபாரியாகிய ஹால் என்பார்க்கு அவர் விமானியாக அமர்ந்தார். அச்செல்வருடைய மகளின் பெயரைத் தாங்கிய 'வின்னி மே' என்னும் விமானமே போஸ்டின் புகழுக்குக் கருவியாயிற்று. அதில் ஏறி 1930-ல் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரிலிருந்து சிகாகோ வரை நடந்த பந்தயத்தில் அவர் வென்றார்.

உலகத்தைச் சுற்றிவருவதில் அக்காலத்து விரைவு 1929-ல் 'கிராப் ஸெப்பெலின்' என்னும் வான்கப்பல் காட்டிய 21 நாளாகும். அதனைக் குறைத்தல் வேண்டுமென்று போஸ்ட் கருதினார். டாஸ்மானியத் தீவினரும் திசையறிவதில் வல்லவருமாகிய ஹரால்டு காட்டி அவருக்குத் துணையாக வர இசைந்தார். விமானத்தின் பலத்தைப்பற்றிப் போஸ்டுக்குக் கவலையில்லை. தம் உடலைப்பற்றியே கவலைகொண்டார். கிழக்கு நோக்கி விரைந்து செல்வானுக்குப் பகலும் இரவும் முறைதவறி வரும். ஊர்க் கடிகாரம் காலையென்று காட்டும்போது உடல் நள்ளிரவென்று கூறும். இக்காலத்தில் நெடுந்தூரப் பிரயாணிகள் யாவரும் அறிந்த இத்துன்பத்தை அவர் செல்வதற்கு முன்னரே ஊகித்துணர்ந்தார். ஆதலின் பிரயாணத்திற்குப் பன்னாள் முன்னர்த் தொடங்கி, ஒரு நாளேனும் முந்தின நாள் உறங்கிய வேளையில் உறங்காமல், நேரத்தை மாற்றி மாற்றி உறங்கினார், உணவையும் சுருக்கினார். எத்தனை காலன் பெட்ரோல் வேண்டும் என்று கணக்கிடுவதுபோலவே, எத்தனை நாழிகை உறக்கம் வேண்டும் என்றும் கணக்கிட்டார். இதுவே அவர்பால் நாம் காணும் தனிச்சிறப்பு.

1931-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந் தேதி இருவரும் நியூயார்க்கை விட்டு எழுந்தனர். அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து பிரிட்டனில் இறங்கி, அங்கிருந்து ஜெர்மனி தேசத்து ஹானோவர் நகரை அடைந்தனர். அங்கு நிகழ்ந்த சிறு செய்தியொன்று நம் சிந்தனைக்குரியது. அவ்வூரைவிட்டு எழுந்தபின்னரே, பெட்ரோல் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று தாம் பாராமல் வந்ததைப் போஸ்ட் உணர்ந்து, மீண்டும் ஹானோவருக்கே திரும்பினார். அனுபவமில்லாத விமானியும் மறவாத காரியத்தை, பலநாள் தம்மைப் பழக்கிய பெருவிமானி மறந்தார்! அயர்வு முதலிற் கவர்வது கண்ணையன்று, நினைவையே. கண் மூடுவதற்கு நெடுநேரம் முன்னரே அறிவு உறங்கத் தொடங்கிவிடுகின்றது. உறங்குவான் அதனை அறியான்.

மாஸ்கோ, ஸைபீரியா, அலாஸ்கா, கானடா வழியாகச் சுமார் 15,500 மைல் பறந்து, 8 நாள் 15 மணி 51 நிமிஷத்தில் அவர்கள் நியூயார்க் திரும்பினர். 21 நாள் 9 நாளினும் குறைந்ததாயிற்று.

இவ்வெற்றியோடு அவர் அமைந்திலர். 1933-ம் ஆண்டு ஜூலை மாதம் 15-ந் தேதி, துணைவர் எவருமின்றித் தாமே தனித்துப் புறப்பட்டார். துணைவருக்குப் பதிலாகத் தாமே விமானத்தை நேர்நிறுத்தும் ஸ்பெரி இயந்திரமும், ரேடியோ அலையால் திசைகாட்டும் கருவியும் உடன்சென்றன. நியூயார்க்கிலிருந்து பெர்லின் வரை நடுவில் இறங்காமற் பறந்தவர் அவருக்கு முன் எவருமிலர். ஆயினும் அயர்வு இம்முறையும் அவரை விட்டதில்லை. இன்றியமையாத தேசப்படங்களை மறந்து வந்தமையால் கோனிக்ஸ்பெர்க் நகரில் இறங்க நேர்ந்தது. இயந்திரத் துணைவனும் பழுதுற்று இடையிடையே தொல்லை விளைத்தது. அலாஸ்காவில் வழி தவறிப் பலமணி நேரம் அலைந்து, பிளாட் என்னும் சுரங்க ஊரில் இறங்கும்போது விமானத்தின் சுழல்விசிறி வளைந்தது. ஊரார் விமானத்தைத் தூக்கி நிறுத்தினர். வேறு விசிறி ஆகாயவழியே வந்து சேர்ந்தது. அதற்குள் அவர் சிறிது உறங்கினார்.

கடைசிப் பகுதியில் அவர் கையாண்ட உபாயம் மிகவும் வியக்கத்தக்கது. ஸ்பானர் ஒன்றைக் கையிற் பிடித்து, அதனை ஒரு கயிற்றால் விரலோடு பிணைத்துக்கொண்டார். உறக்கம் மேலிட்டுப் பிடி தளர்ந்தால் ஸ்பானர் நழுவி விழும், கயிறு விரலை வெடுக்கென இழுக்கும், அவர் விழித்துக்கொள்வார். இவ்வாறு விழுந்தும் விழித்தும், ஜூலை 22-ந் தேதி, 7 நாள் 18 மணி 49 நிமிஷத்தில் நியூயார்க் வந்திறங்கினார். சுமார் 50,000 ஜனங்கள் திரண்டு ஆரவாரித்தனர்.

பின்னர் உயர்ந்த வானத்தில் மூச்சுவிட உதவும் அழுத்த உடையொன்றைச் செய்வித்து, 1934-ல் 40,000 அடி உயரம் ஏறினார். விண்வெளி வீரர் உடைக்கு அதுவே முன்னோடியென்பர். 1935-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 15-ந் தேதி, அலாஸ்காவில் பாயிண்ட் பாரோ என்னும் இடத்தருகே எழும்பும்போது இயந்திரம் நின்றுபோகவே விமானம் வீழ்ந்தது. போஸ்டும், உடன்சென்ற நகைச்சுவைப் புலவர் வில் ரோஜர்ஸும் உயிர்நீத்தனர். அப்போது போஸ்டுக்கு வயது 36.

இச்சரிதத்தைப் படிப்பார்க்கு அந்த ஸ்பானரும் கயிறுமே நினைவில் நிற்கும். அதனை வீரத்தின் அடையாளமென்று நாம் போற்றலாம். ஆனால் எல்லார்க்கும் விதியாக்குதல் ஆகாது. போஸ்ட் தனியாகச் சென்றார்; அவர் பின்னே பிரயாணிகள் இல்லை; தம் உயிரையே பணயம் வைத்தார்; புறப்படும் வேளையையும் தாமே குறித்தார். பிரயாணிகளை ஏற்றிச்செல்லும் விமானியின் நிலை வேறு. எவ்வேளை எழுவது, எத்தனை மணி பறப்பது, எங்கே உறங்குவது என்பவற்றை அலுவலகத்திலமர்ந்து வேறொருவர் பட்டியல் இடுகின்றார். அயர்ந்த விமானிக்குத் தன் அயர்வு தெரியாதாகலின், அதனை அளக்கும் பொறுப்பும் அப்பட்டியலையே சார்ந்தது.

இவ்வுண்மையை அரசாங்கங்கள் மெல்லமெல்லவே உணர்ந்தன. அமெரிக்காவில் விமானி பறக்கும் நேரம் மாதத்திற்கு 85 மணிக்கு மேற்படலாகாது என்னும் தீர்ப்பு 1934-லேயே பிறந்தது. ஆயினும் ஒரே அளவு இரவுக்கும் பகலுக்கும் பொருந்தாது. பின்னிரவு இரண்டு மணிமுதல் ஆறு மணிவரை உடல் மிகவும் சோர்ந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். 2014-ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி, பணி தொடங்கும் வேளையை நோக்கிப் பணிநேரத்தைக் கூட்டியும் குறைத்தும் வகுத்தது; பணிக்குமுன் 10 மணி ஓய்வும், அதனுள் 8 மணி உறங்க வாய்ப்பும் வேண்டுமென்று கூறிற்று. இதற்குமுன் உயிர்கள் பல பலியாயின. நம் நாட்டிலும் 2010-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி, துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர். அதன் தலைமை விமானி வழியில் நெடுநேரம் உறங்கியிருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. அவரது கையில் ஸ்பானர் இல்லையே என்று நாம் குறைகூறுவோமா? விடியற்காலையில் வந்திறங்குமாறு இரவுமுழுதும் பறக்கும் பணி எத்தகையது என்றல்லவா முதலில் வினவுதல் வேண்டும்?

நம் மாணவர் நாளை மருத்துவராகலாம், ரயில் செலுத்துவோராகலாம், அன்றிப் பிறருடைய பணிநேரத்தை வகுக்கும் அதிகாரிகளுமாகலாம். பிறர் உயிரைக் கையில் ஏந்துவார்க்கு உறக்கம் ஒரு சுகமன்று. அது கடமையின் ஒரு பகுதி. தம் உறக்கத்தைப் பெட்ரோலைப்போல் எண்ணி அளந்த போஸ்டின் அறிவை அவர்கள் கைக்கொள்வாராக. ஸ்பானரைப் பிடித்த அவருடைய கையைக் கண்டு வியப்பதோடு அமைவாராக.